இருபது ரூபாய் பேரமும் ஐயாயிரம் வருஷப் பெருமையும்

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் கடைவீதியில் நடந்திருக்கிறீர்களா? நடக்கவே வேண்டாம். சும்மா நின்றால் போதும், கூட்டமே உங்களைக் கொண்டுபோய் எங்காவது சேர்த்துவிடும். இராப்பத்தில் ஒரு சாயங்காலம் என்னையும் எங்கள் எதிர்வீட்டு மாமாவையும் அது அப்படித்தான் கொண்டுபோய், கொட்டாங்கச்சி ஃபிடில் விற்கிற ஒருவர் முன்னால் நிறுத்தியது.

அவரை உங்களுக்கும் தெரியும். எந்த ஊர்த் திருவிழாவாக இருந்தாலும் வந்துவிடுவார். நாற்பது ஐம்பது ஃபிடில்களை ஒரு நீளக் கம்பில் செருகித் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார். கொட்டாங்கச்சி என்று பெயரே தவிர, இப்போது பெரும்பாலும் சின்ன மண் கிண்ணம்தான். கிண்ணத்தின் வாயில் காகிதத்தை இழுத்து ஒட்டியிருக்கும். ஒரு மூங்கில் குச்சி, இரண்டு கம்பி, கையில் குட்டியாக ஒரு வில். விற்கிற சரக்கிலேயே ஒன்றை உருவி, ஏதாவது ஒரு இளையராஜா பாட்டை வாசித்துக்கொண்டிருப்பார். பல்லவி மட்டுமில்லை, சரணத்துக்கு முன்னால் வருகிற இடையிசையையும் சேர்த்து வாசிப்பார். சங்கதி ஒன்றும் தப்பாது.

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்துக்கு 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் ஆயிற்று. அந்த வருஷம் எனக்கு எட்டு வயது. அப்பாவை நச்சரித்து இதில் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து வில்லை வைத்து இழுத்தால் பாட்டு வரவில்லை. துருப்பிடித்த கதவு திறக்கிற சத்தம் வந்தது. "ஏமாத்திட்டான்ப்பா, நல்லத அவன் வச்சுக்கிட்டு மட்டத்த நம்மகிட்ட கொடுத்துட்டான்" என்று அழுதேன். அதே ஃபிடில்தான் அவர் கையிலும் இருந்தது என்பது எனக்கு ஏறவே பல வருஷம் ஆனது. உங்களில் பாதிப் பேருக்கு இதே கதை இருக்கும்.

சரி, மாமாவுக்கு வருகிறேன். ஓய்வுபெற்றவர், நல்ல மனுஷர், சங்கீதம் கேட்பவர். ஃபிடிலைப் பார்த்ததும் ஏதோ ஞாபகம் வந்து செல்போனை எடுத்தார். "இதப் படிடா முதல்ல" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியை நீட்டினார். உங்களுக்கும் வந்திருக்கும். சாராம்சம் இதுதான்: வயலினைக் கண்டுபிடித்தவன் ராவணன். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால். அதன் பெயர் ராவணஹத்தா. அனுமன் அதை இலங்கையிலிருந்து கொண்டுவந்தார். நம்மிடமிருந்து அரபிக்காரன் திருடினான். அவனிடமிருந்து வெள்ளைக்காரன் திருடி, வயலின் என்று பெயர் வைத்து நமக்கே விற்றான். பெருமையாக இருந்தால் பத்து பேருக்கு அனுப்பவும்.

மாமா பத்து பேருக்கு அனுப்பியிருந்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஃபிடில்காரரிடம் திரும்பினார்.

"கித்னா?"

"நூறு ரூபா சார்."

"இந்த மண்சட்டிக்கா நூறு? எண்பது. இல்லேன்னா போய்ட்டே இருப்பேன்."

எண்பதுக்குப் படிந்தது. பேரனுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்.

இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். நான் பி.காம். படித்தவன், பேரம் பேசுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். கையில் எண்பது ரூபாயும் வாயில் ஐயாயிரம் வருஷமும் ஒரே நிமிஷத்தில் எப்படி ஒத்துப்போகின்றன என்பதுதான் எனக்குப் புரியவில்லை. எங்கள் பாடத்தில் 'குட்வில்' என்று ஒன்று வரும். கடையின் நல்ல பேர். நீங்களே நூறு வருஷம் கடை நடத்திச் சம்பாதித்த நல்ல பேராக இருந்தாலும் அதை ஐந்தொகையில் சொத்து என்று எழுதக்கூடாது. இன்னொருவருடைய கடையைக் காசு கொடுத்து வாங்கும்போது, பேருக்கென்று கூடுதலாகக் கொடுத்தீர்களே, அந்தத் தொகையைத்தான் எழுதலாம். கொடுக்காத காசுக்குச் சொத்து காட்டினால் ஆடிட்டர் அடித்துவிடுவார். வில் போட்டு வாசிக்கிற வாத்தியத்துக்காக நாம் இதுவரை என்ன கொடுத்தோம்? அந்தக் கணக்கைத்தான் கொஞ்சம் பார்க்கலாம் என்கிறேன்.

முதலில் அந்தச் செய்தி. ராவணஹத்தா நிஜம். ராஜஸ்தானில் இன்றும் இருக்கிறது. தேங்காய்க் கொட்டாங்கச்சியில் தோல் கட்டி, மூங்கிலில் தந்தி பூட்டி, சலங்கை கட்டிய வில்லால் வாசிப்பார்கள். போபாக்கள் என்கிற நாட்டுப்புறப் பூசாரிகள், பாபுஜி என்ற வீரனின் கதையை வரைந்த நீளமான திரைச்சீலையின் முன்னால் நின்று, இரவு முழுக்க இதை வாசித்துக் கதை பாடுவார்கள். இலங்கையிலும் தினேஷ் சுபசிங்க என்ற இசைக்கலைஞர் இந்த வாத்தியத்தை மீட்டெடுத்து 2007-ல் ஒரு ஆல்பமே போட்டார். ராவணன் பெயரில் ஒரு வாத்தியம் நம் பழைய சம்ஸ்கிருத இசை நூல்களிலும் வருகிறது. எல்லாம் சரி. ஐயாயிரம் வருஷம்தான் இடிக்கிறது.

தந்தியை மீட்டுவது பழசு. எகிப்து, கிரேக்கம், நம்முடைய யாழ், எல்லாமே விரலால் மீட்டுகிற வாத்தியங்கள். தந்தியை வில்லால் தேய்த்து நாதத்தை நீட்டலாம் என்பது அவ்வளவு பழைய விஷயம் இல்லை. அதற்கான உறுதியான சான்றுகள் பத்தாம் நூற்றாண்டு வாக்கில் மத்திய ஆசியப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கின்றன என்று இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதிய வெர்னர் பாக்மன் சொல்கிறார். குதிரை வளர்க்கிற ஊரில் குதிரைவால் முடிக்கும் வில்லுக்கும் பஞ்சமிருக்காது. அங்கிருந்து அரபு உலகத்துக்குப் போய் ரபாப் ஆனது. பெயரும் பயணம் செய்தது. மொராக்கோவில் ரபாப், ஜாவாவின் கேமலான் இசையில் ரெபாப். ஆப்கானிஸ்தானில் அதே பெயர், ஆனால் மீட்டுகிற வாத்தியம்.

மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் இருக்கிற ரபாபைப் படத்தில் பார்த்தாலே பிடித்துப்போகும். ஒரே மரத்தைக் குடைந்து செய்த குட்டிப் படகு மாதிரி இருக்கும். கீழ்ப்பாதியில் தோல், மேல்பாதியில் பூவேலை செய்த பித்தளையோ செம்போ. தலை பின்பக்கம் மடங்கியிருக்கும். நரம்பில் செய்த இரண்டே தந்தி. இரண்டுக்கும் நடுவே ச-ப தூரம். தோளில் வைப்பதில்லை. உட்கார்ந்து, தொடையில் நிறுத்தி, வளைந்த குட்டை வில்லால் இழுப்பார்கள். அதன் குரல் இனிமை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கரகரப்பு, மூக்கால் பாடுகிற மாதிரி. ஆனால் ஸ்பெயினிலிருந்து வந்த அந்தலூசிய இசைக்குழுவில் பெரும்பாலும் ரபாப்காரர்தான் தலைவர். ஃபெஸ் நகரத்தில் 1996-ல் இறக்கும்வரை குழுவை நடத்திய அப்துல் கரீம் ராயிஸ் ரபாப்காரர்தான்.

இந்த ரபாப் ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் போய் ரெபெக் ஆனது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வயலின் உருவானபோது அதன் முன்னோர்களில் ரெபெக்கும் ஒன்று. அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். 1628-ல் பாரீஸில் ஒரு உத்தரவு. சாராயக் கடைகளில் வாசிக்கிறவர்கள் வயலினைத் தொடக்கூடாது, ரெபெக் மட்டும்தான் வாசிக்கலாம். அரசவைக்கு வயலின், தெருவுக்கு ரெபெக். யார் எதை வாசிக்கலாம் என்று சட்டம் போட நமக்குத்தான் தெரியும் என்று நினைத்தீர்களா?

"திருடினான்" என்ற வார்த்தைக்கு வருகிறேன். ஸ்ரீரங்கத்துக்காரர் வாயிலிருந்து அது வரும்போது எனக்கு நிஜமாகவே ஆச்சரியமாக இருக்கிறது. இந்தக் கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி இருக்கிறது. டில்லி சுல்தானின் மகள், அழகியமணவாளன் மேல் காதல் கொண்டு இங்கேயே வந்து சேர்ந்தாள் என்பது கோயில் ஒழுகு சொல்லும் கதை. சிலை இல்லை, சுவரில் சித்திரம். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி தளிகை. அவளுக்காகப் பெருமாள் கைலி கட்டிக்கொள்கிறார். ரங்கநாதனுக்கே ரொட்டி ஒத்துக்கொள்கிறது மாமா, ஒரு வில் அரபு தேசத்து வழியாக வந்தது என்றால் உங்களுக்கு ஏன் செரிக்க மாட்டேன் என்கிறது?

அதுவும் வந்த வயலினை நாம் என்ன செய்தோம் என்பது எவ்வளவு பெரிய கதை! பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய பேண்டு வாசிப்பைக் கேட்டு மயங்கி, ஒரு ஐரோப்பியரிடமே போய் வயலின் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைக் கச்சேரிக்குக் கொண்டுபோக, 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தார். நின்று வாசித்ததை நாம் சம்மணம் போட்டு உட்கார வைத்தோம். அதன் தலையைப் பாதத்தில் சாய்த்தோம். தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிக் கட்டினோம். நம்ம திருச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை இந்த ஊர் பெயரையே வயலினோடு சேர்த்து ஒட்டினார். கொள்ளிடத்தைத் தாண்டினால் லால்குடி. ஜெயராமன் கையில் வயலின் மிடறு வைத்துப் பாடியது. இவர்கள் யாருக்கும் ராவணன் சிபாரிசு தேவைப்படவில்லை. வெளியூர் வாத்தியம் என்று கூச்சமும் படவில்லை. உழைத்தார்கள், அது நம்முடையதாயிற்று. வயலினைப் பொறுத்தவரை நாம் காசு கொடுத்து வாங்கிய குட்வில் அது, தாராளமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மொராக்கோக்காரர்களும் வயலினை நம்மைப் போலவேதான் எடுத்துக்கொண்டார்கள். தோளில் வைக்காமல், ரபாப் மாதிரி தொடையில் செங்குத்தாக நிறுத்தி வாசிக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. சத்தம் பெரிசு, எட்டுகிற ஸ்வரம் அதிகம் என்று வயலின் முன்னால் வர வர, ரபாப் ஓரத்துக்குப் போனது. 1932-ல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியது. ஐரோப்பாவிலிருந்து பேலா பார்டோக்கெல்லாம் வந்திருந்தார். ஐரோப்பிய வாத்தியங்களைச் சேர்க்கலாமா கூடாதா என்று அங்கே பெரிய சண்டை. ஒன்று சொல்ல வேண்டும். சண்டைக்கு நடுவே, வந்த குழுக்களையெல்லாம் உட்கார வைத்து இசைத்தட்டில் பதிவு செய்துவிட்டார்கள். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, யாரையும் விடவில்லை. யாருடையது என்ற வழக்கு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திப்போடவில்லை.

நாம் எதைப் பதிவு செய்தோம்? திருவிழாக்களில் ஃபிடில் விற்கிறவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், யாரிடம் படித்தார்கள், கிண்ணத்தை யார் செய்கிறார்கள்? ஏதாவது ஒரு சபாவின் விழா மலரில் இவர்களைப் பற்றி ஒரு பக்கம் பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை ஒரு சபாக்காரரிடம், மார்கழியில் ஒரு அரை மணி நேரம் இப்படி ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். "அது வாத்தியம் இல்ல சார், பொம்மை" என்றார்.

பொம்மையாம். கிண்ணம், அதன் மேல் ஒரு சவ்வு, ஒரு கழி, இரண்டு தந்தி, ஒரு வில். ராவணஹத்தாவிலும் இதுதான் இருக்கிறது. கேரளத்தில் சர்ப்பக்காவுகளில் புள்ளுவர்கள் வாசிக்கிற புள்ளுவன் வீணையிலும் ஏறக்குறைய இதுதான் இருக்கிறது. ராவணன் பெயரை ஒட்டினால் உலகத்தின் முதல் வயலின், தெருவில் நின்றால் பொம்மை என்றால் எப்படி? ராவணஹத்தாவை ராஜஸ்தானில் காப்பாற்றி வைத்திருக்கிறவர்களும் பணக்காரர்கள் இல்லை. கதை பாடிப் பிழைக்கிறவர்கள்.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை, அதுதான் என் ஆதங்கம். தந்தி வாத்தியத்தோடு தெருவில் நின்ற ஒருவரைப் பற்றி ஸ்ரீரங்கத்துக்குத் தெரியாதா? திருப்பாணாழ்வார் உறையூர்க்காரர். பாணர் குலம். கோயிலுக்குள் வர முடியாது என்பதால் காவிரியின் தென்கரையில் நின்று, கையில் வாத்தியத்தோடு அரங்கனைப் பாடிக்கொண்டே மெய்மறந்து நின்றார். பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்கர் "விலகு" என்று சொல்ல, அது அவர் காதில் விழவில்லை. கல்லை எடுத்து எறிந்தார். நெற்றியில் ரத்தம். அந்த ரத்தம் உள்ளே பெருமாள் நெற்றியில் தெரிந்தது என்றும், அந்தப் பாணனை உன் தோளில் தூக்கி வா என்று பெருமாள் லோகசாரங்கருக்குக் கட்டளையிட்டார் என்றும் குருபரம்பரை சொல்கிறது. எல்லோரும் கைகூப்பிக் கேட்கிற கதை. பாணரைத் தோளில் தூக்கியதோடு நம் கணக்கு முடிந்துவிட்டதா? யாழும் போயிற்று, யாழ் வாசித்த பாணர்களும் போனார்கள். 1947-ல் விபுலானந்த அடிகள் 'யாழ் நூல்' எழுதி, வாத்தியம் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கையில் இருந்ததைத் தொலைத்துவிட்டுப் பிறகு ஆராய்ச்சி செய்வதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

நம் ஃபிடில்காரருக்கு யாரும் கல் எறியவில்லை. "ஓரமா போ, ஓரமா போ" என்றார்கள். நான் பார்த்த அரை மணி நேரத்தில் நாலு தடவை இடம் மாறினார். கூட்டம் என்றால் ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. பலூன்காரர் ஓரமாகப் போனால் பலூன் கண்ணுக்குத் தெரியும். ஃபிடில்காரர் ஓரமாக, ஒலிபெருக்கிக்குக் கீழே போய் நின்றால் அவர் வாசிப்பது யாருக்குக் கேட்கும்? வாசிப்பதுதான் அவருடைய விளம்பரப் பலகை. தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. தரை வாடகை என்று யாரோ வந்து இவரிடம் காசு வாங்கிப் போயிருக்கிறார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ரசீது கிடையாது. ரசீது இல்லாத வரவு, பி.காம். படித்தவனுக்கு வயிற்றைக் கலக்குகிற விஷயம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பத்து நாள் திருவிழாவில் சத்தமில்லாத ஒரு மூலையில் இவர்களுக்கு ஆறடி இடம், கையில் ரசீதோடு. சபாக்களில் அரை மணி, சம்பளத்தோடு. இசைக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு ரெக்கார்டரோடு வந்து ஒரு வாரம் கூடவே சுற்றினால் இன்னும் நல்லது. உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தால், அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஃபிடிலைச் சொன்ன விலைக்கு வாங்குங்கள். அப்புறம் பத்து பேருக்கு என்ன, நூறு பேருக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

அன்று ராத்திரி, நம்பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து திரும்புகிற நேரம் வரை இருந்தோம். இராப்பத்தில் மூலஸ்தானம் திரும்பும்போது வீணை வாசிப்பார்கள். அவ்வளவு கூட்டத்திலும் மாமா என் கையை அழுத்தி, "பேசாத, வீணை" என்றார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபோது அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இவ்வளவு நல்ல காது உள்ளவருக்கு...

வெளியே வந்தபோது ஃபிடில்காரர் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து, அறுந்த கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் விற்கவில்லை. பீகார் பக்கம் என்றார். ஏதாவது வாசியுங்கள் என்றேன். சினிமாப் பாட்டு எது வேண்டும் என்று கேட்டார். உங்க ஊர்ப் பாட்டு என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, வில்லை எடுத்து மெதுவாக எதையோ வாசித்தார். என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. மாமா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று, "சிந்துபைரவிடா" என்றார். சட்டைப்பையில் கையை விட்டு இருபது ரூபாயை எடுத்து, எதுவும் சொல்லாமல் அவர் பக்கத்தில் வைத்தார்.

நான் நூறு கொடுத்து ஒன்று வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் தூங்காமல் காத்திருந்த என் பெண் அதைப் பிடுங்கி வில்லை வைத்து இழுத்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"யாருடா அது, ராத்திரி பன்னெண்டு மணிக்கு!"